ஹோல்டேனின் கணக்கு

எங்கள் சாச்சியின் மகனுக்கு ஒன்பது வயது. மாதம் ஒரு தடவை அவனுக்கு இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு சேர்ந்து உடம்பில் தங்கிவிடும் இரும்பை வெளியேற்றுவதற்காக, இரவில் வயிற்றுத் தோலின் கீழ் ஓர் ஊசியைக் குத்தி, சின்னதொரு பம்ப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்குவான். அவனுக்கு இருப்பது தலசீமியா. சாச்சா வேறு யாருமல்லர், உம்மம்மாவின் தம்பி மகன்தான். சொந்த மாமா மகனையே சாச்சி முடித்தார்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்திருந்த பெண்கள், குசினியில் இதைப் பற்றித்தான் கதைத்தார்கள். சொந்தத்துக்குள் முடித்ததால் வந்த வருத்தம் என்றார் ஒருவர். அந்தக் குடும்பத்து இரத்தமே பழுது என்றார் இன்னொருவர். உம்மம்மா வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. அப்போது எங்கள் ராத்தாவுக்கு மாமியின் மகனைப் பேசிக்கொண்டிருந்த நேரம். அன்று மாலையோடு அந்தப் பேச்சு வீட்டில் நின்றுபோனது.

அடுத்த மாதம் உயர்தர உயிரியல் வகுப்பில் குடித்தொகைப் பிறப்புரிமையியல் தொடங்கியது. ஒரு குடித்தொகையில் பரம்பரையலகுகளின் மீடிறன் எதனால் மாறுகிறது என்று டீச்சர் கரும்பலகையில் எழுதினார்: விகாரம், இயற்கைத் தேர்வு, குடிபெயர்வால் வரும் பரம்பரையலகுப் பாய்ச்சல், தற்செயல் நகர்வு. ஐந்தாவதாக எழுமாற்றற்ற கலப்பு என்று எழுதிவிட்டு அதன் கீழ் ஒரு கோடு போட்டார். உறவுக்குள் மணம் முடிப்பது இதற்குள்தான் வரும் என்றும், ஆனால் இது மற்ற நான்கையும் போல மீடிறனை மாற்றாது என்றும் சொன்னார். நான் நம்பவில்லை. வகுப்பு முடிந்ததும் போய்க் கேட்டேன். இந்தக் கணக்கையெல்லாம் முதலில் போட்டவர்களில் ஒருவர் ஹோல்டேன், அவரைப் பற்றித் தேடி வாசி என்றார். அப்படி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூர்ப்பு என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற வாதம் இக்கட்டுரையில் இல்லை. ஒரு பரம்பரையலகு இன்று நூற்றில் எத்தனை பேரிடம் இருக்கிறது, நாளை எத்தனை பேரிடம் இருக்கும், அது ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பதுதான் இங்குள்ள விடயம். எங்கள் சாச்சியின் மகனைப் போன்ற பிள்ளைகள் உள்ள எந்தக் குடும்பமும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜோன் பேர்டன் சாண்டர்சன் ஹோல்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் சுவாசத்தைப் பற்றி ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி. நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவை முன்கூட்டியே அறிய, கூண்டில் ஒரு சிறு பறவையைக் கொண்டுபோங்கள் என்று யோசனை சொன்னவர் அவர்தான். மகனைப் பற்றி ஒரு கதை உண்டு. மழலை மாறாத வயதில் விழுந்து நெற்றியில் காயம்பட்டதாம். வடியும் இரத்தத்தைப் பார்த்த பிள்ளை அழாமல், இது ஒட்சிசன் சேர்ந்த ஹீமோகுளோபினா, காபனோரொட்சைட்டு சேர்ந்ததா என்று விசாரித்ததாம். உண்மையோ மிகையோ, அந்த வீட்டில் சாப்பாட்டு மேசைப் பேச்சு என்னவாக இருந்தது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இன்னொரு சம்பவத்தை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு சுரங்கத்துக்குத் தந்தை அவரைக் கூட்டிப்போனார். கூரை உயரத்தில் மீதேன் வாயு தேங்கியிருந்த ஓரிடத்தில் மகனை எழுந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியரின் யூலியஸ் சீசர் நாடகத்தில் மார்க் அன்ரனி பேசும் பேச்சை ஒப்புவிக்கச் சொன்னார். சில வரிகள் போவதற்குள் மூச்சு வாங்கியது, கால்கள் மடங்கின, பையன் தரையில் விழுந்தான். தரையிலோ காற்று நன்றாக இருந்தது. மீதேன் காற்றைவிட இலேசானது, அதை முகர்வதால் மட்டும் ஆள் செத்துப்போவதில்லை என்ற இரண்டு பாடங்களும் ஒரே விழுகையில் கிடைத்துவிட்டன. எங்கள் வாப்பாவாக இருந்தால் கொப்பியில் எழுதித் தந்திருப்பார்!

தன் உடம்பையே ஆய்வுகூடமாக்கும் பழக்கம் ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை. இரத்தத்தின் அமிலத்தன்மையை மாற்றிப் பார்ப்பதற்காக அமோனியம் குளோரைட்டைக் கரைத்துக் குடித்தார். 1939இல் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தபோது, அவர்கள் எப்படி மூச்சுத் திணறியிருப்பார்கள் என்பதை அறிய மூடிய அறைக்குள் தன்னையே அடைத்துக்கொண்டார். அந்தக் காலத்துச் சோதனை ஒன்றில் வலிப்பு வந்து முதுகெலும்பு நசுங்கியது. அந்த வலி கடைசிவரை இருந்தது.

பிறப்புரிமையியலுக்குள் அவரைக் கொண்டுவந்தவை கினிப்பன்றிகள். மெண்டலின் விதிகளைப் பற்றிய ஒரு விரிவுரைக்கு 1901இல் தந்தை அவரை அழைத்துப்போயிருந்தார். அப்போது அவருக்கு எட்டு வயது. பின்னர் தங்கை நயோமி வீட்டில் கினிப்பன்றிகளை வளர்க்கத் தொடங்கியபோது, அவற்றின் நிறங்கள் அந்த விதிப்படிதான் வருகின்றனவா என்று அண்ணனும் தங்கையும் கணக்கெடுத்தார்கள். பிறகு அது எலிகளுக்குப் போனது. இரண்டு பரம்பரையலகுகள் பிரியாமல் ஒன்றாகவே தலைமுறை கடக்கின்றன என்று காட்டிய அவர்களுடைய கட்டுரை 1915இல் வெளிவந்தது. மூவர் பெயரில் வந்த கட்டுரை அது. ஒருவர் நயோமி. மற்ற நண்பர் அதற்குள் போரில் இறந்திருந்தார். ஹோல்டேனும் அப்போது போர்முனையில்தான் இருந்தார். இந்த நயோமி பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளரானார். அண்ணனின் புகழுக்குப் பின்னால் கினிப்பன்றிக்குப் புல் போட்ட தங்கையும் இருக்கிறாள் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

முதலாம் உலகப் போரில் பிரான்சிலும், இன்று இராக் என்று அழைக்கப்படும் மெசப்பொத்தேமியாவிலும் சண்டையிட்டு இரண்டு தடவை காயப்பட்டார். குணமடைய இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். வெள்ளையர்கள் அங்கே நடந்துகொண்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தியர்களோடு சமமாகப் பழக முடிகிற காலம் வந்தால்தான் இனி இந்த மண்ணுக்குத் திரும்புவது என்று அப்போதே முடிவெடுத்தார்.

இவ்வளவு பெரிய விஞ்ஞானிக்கு விஞ்ஞானத்தில் ஒரு பட்டமும் இல்லை. ஒக்ஸ்போர்டில் அவர் படித்தது கணிதமும், கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் மெய்யியலும். கணிதம் படித்ததுதான் நல்லதாகப் போயிற்று. டார்வினின் இயற்கைத் தேர்வு என்ற எண்ணமும் மெண்டலின் விதிகளும் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்று பலர் நினைத்திருந்த காலம் அது. 1924இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளாக, தேர்வு ஒரு பரம்பரையலகின் மீடிறனை எந்த வேகத்தில் மாற்றும் என்பதை ஹோல்டேன் தொடர் கட்டுரைகளாகக் கணக்கிட்டுக் காட்டினார். இங்கிலாந்தில் ரொனால்ட் ஃபிஷரும் அமெரிக்காவில் சீவல் ரைட்டும் அதே வேலையைத் தங்கள் வழிகளில் செய்துகொண்டிருந்தார்கள். நம் பாடப்புத்தகத்தின் அந்த அத்தியாயம் இந்த மூவரும் கட்டிய வீடு.

அவர் முதலில் எடுத்துக்கொண்ட உதாரணம் ஓர் அந்துப்பூச்சி. மிளகுத் தூள் தூவியது போன்ற வெண்சிறகுடையது. 1848இல் மன்செஸ்டர் நகரில் அதன் கருநிற வடிவம் அரிதாகக் காணப்பட்டது. நூற்றாண்டு முடிவதற்குள், ஆலைப்புகை படிந்த அந்த வட்டாரத்தில் கருநிறமே ஏறக்குறைய முழுவதுமாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகளில் இப்படி மாற வேண்டுமானால், வெண்ணிறப் பூச்சி ஒரு குஞ்சு விடும் இடத்தில் கருநிறப் பூச்சி ஒன்றரைக் குஞ்சாவது விட்டிருக்க வேண்டும் என்று ஹோல்டேன் காகிதத்தில் கணக்குப் போட்டார். தேர்வு இவ்வளவு பலமாக இருக்க முடியுமா என்று பலர் தயங்கினார்கள். பூச்சிகளைப் பறவைகள் தின்பதைக் காட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

மற்றக் காரணிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. புதிதாகத் தோன்றும் ஒரு விகாரம் நன்மை தருவதாகவே இருந்தாலும் பெரும்பாலும் தற்செயலாகவே அழிந்துபோகும் என்று 1927இல் காட்டினார். நூற்றுக்கு ஒரு பங்கு அனுகூலம் தரும் விகாரங்கள் நூறு தோன்றினால், இரண்டுதான் தப்பிப் பிழைக்கும்! மனிதப் பரம்பரையலகு ஒன்று எவ்வளவு அடிக்கடி விகாரமடைகிறது என்பதை முதலில் மதிப்பிட்டவரும் அவர்தான். இரத்தம் உறையாத ஹீமோபீலியா நோயில் பல ஆண்கள் பிள்ளை பெறாமலே இறந்துவிடுகிறார்கள். அப்படியானால் அந்தப் பரம்பரையலகு எப்போதோ ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை என்றால், இழந்ததை விகாரம் ஈடுசெய்துகொண்டிருக்கிறது. இந்த வரவு செலவிலிருந்து, ஏறக்குறைய 50,000க்கு ஒன்று என்ற வீதத்தை 1935இல் பெற்றார்.

வரவும் செலவும் சமனாக வேண்டும் என்ற இந்தப் பிடிவாதமே அவரைத் தலசீமியாவுக்குக் கொண்டுவந்தது.

இந்த நோயை 1925இல் முதலில் விவரித்தவர் தோமஸ் கூலி என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர். டெட்ரொய்ட் நகரில் அவர் கண்ட பிள்ளைகள் இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். மத்தியதரைக் கடலோரத்தில் பெருகிய ஒரு பரம்பரையலகு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிருந்தது. டீச்சர் எழுதிய பரம்பரையலகுப் பாய்ச்சலுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. 1940களில் அங்கே இந்த நோயைக் கணக்கெடுத்த இரு ஆய்வாளர்கள் திகைத்தார்கள். தலசீமியாப் பிள்ளைகள் வளர்வதற்கு முன்பே இறந்துவிடுகிறார்கள். இருந்தும் பரம்பரையலகு ஏராளமாக இருக்கிறது. விகாரம்தான் ஈடுசெய்கிறது என்றால், அது 2,500க்கு ஒன்று என்ற பெரும் வீதத்தில் நடக்க வேண்டும்.

1948இல் ஸ்டொக்ஹோமில் நடந்த சர்வதேசப் பிறப்புரிமையியல் மாநாட்டில் ஹோல்டேன் இதை எடுத்துக்கொண்டார். அந்த வீதம் நம்பக்கூடியதல்ல என்றார். பரம்பரையலகின் ஒரு பிரதியை மட்டும் உடைய காவிகளைப் பாருங்கள் என்றார். அவர்களுக்கு நோயில்லை. செங்குழியங்கள் மட்டும் சற்றுச் சிறியவை, உப்புக் குறைந்த நீரில் மற்றவர்களுடையதைப் போலச் சீக்கிரம் வெடிப்பதில்லை. இப்படிப்பட்ட செங்குழியம் மலேரியாக் கிருமிக்கும் தாக்குப்பிடிக்கக்கூடும் அல்லவா? மலேரியா நிறைந்த நிலத்தில் காவிகளே மற்றவர்களைவிட நன்றாகப் பிழைத்திருந்தால், நோயால் போகும் பிரதிகள் காவிகளின் பிள்ளைகளால் திரும்பி வந்துவிடும். விகாரத்தைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை.

நான் இதைக் கொப்பியில் போட்டுப் பார்த்தேன். காவியல்லாத பிள்ளைகளில் இருபதுக்கு ஒன்றை மலேரியா கூடுதலாகக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலசீமியாப் பிள்ளைகள் ஒருவர் மிச்சமில்லாமல் இறக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் நூறு பேரில் ஒன்பது பேர் காவிகளாக இருக்குமளவுக்கு அந்தப் பரம்பரையலகு ஏறி, அங்கேயே நிலைத்துவிடுகிறது. இரண்டு மரணங்கள் தராசின் இரண்டு தட்டுகளில்.

அவர் சொன்னது அப்போது ஓர் ஊகம் மட்டுமே. 1954இல் அந்தனி அலிசன் கிழக்கு ஆபிரிக்காவில் இதே கதையை அரிவாள் வடிவச் செங்குழியம் உள்ளவர்களிடம் கண்டார். இத்தாலியின் சார்டினியாத் தீவிலும், மலேரியா மிகுந்த தாழ்நிலக் கிராமங்களில் தலசீமியாக் காவிகள் அதிகமாகவும், மலேரியா ஏறாத மலைக் கிராமங்களில் குறைவாகவும் இருப்பது பின்னர் தெரியவந்தது.

இதை வாசித்தபோது எனக்கு உம்மம்மாவின் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் குருணாகல் மாவட்டத்தில். 1934, 35ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியா கொள்ளை நோயாகப் பரவி 80,000க்கும் அதிகமானோர் இறந்தபோது மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் எங்கள் மாவட்டமும் ஒன்று. உம்மம்மாவின் உம்மா அப்போது சிறுபிள்ளை. வீட்டுக்கு வீடு ஜனாஸா போன கதையை உம்மம்மா அவரிடம் கேட்டு எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். இன்று நாட்டின் தலசீமியாப் பிள்ளைகளில் பெருந்தொகையினர் இருப்பதும் இதே குருணாகல் பக்கம்தான். பழுது என்று குசினியில் சொல்லப்பட்ட அந்த இரத்தம், எத்தனையோ தலைமுறைகளாகக் காய்ச்சலிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிய இரத்தம். காப்பாற்றியதற்கான விலையைத்தான் சாச்சியின் மகன் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இனி டீச்சர் கோடு போட்ட ஐந்தாவது காரணி. இலங்கையில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேர் தலசீமியாக் காவிகள். ஒவ்வொருவரிடமும் இந்தப் பரம்பரையலகின் இரண்டு பிரதிகள் இருப்பதால், நூறு பேரிடம் உள்ள 200 பிரதிகளில் இரண்டு, அதாவது நூற்றுக்கு ஒன்று, தலசீமியாப் பிரதி. சொந்தமில்லாத இருவர் மணந்தால் அவர்களுடைய பிள்ளைக்கு இரு பக்கமிருந்தும் அது வந்துசேரும் வாய்ப்பு 10,000க்கு ஒன்று. மாமா மகனையோ மாமி மகனையோ முடித்தால் 10,000க்கு ஏழு. ஏழு மடங்கு கூடுகிறது, உண்மைதான். ஆனால் ஊர் முழுவதும் சொந்தத்துக்குள் முடித்தாலும், கலப்பு என்ற காரணத்தால் அந்த நூற்றுக்கு ஒன்று கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. ஒளிந்திருந்த பிரதிகள் சோடி சேர்ந்து வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். (அப்படி வெளிப்பட்ட பிள்ளைகள் இறந்துபோனால் மீடிறன் குறையும். அது தேர்வின் வேலை, கலப்பின் வேலையல்ல.) சொந்தத்துக்குள் முடித்ததால் சாச்சியின் மகனுக்கு நோய் வரும் வாய்ப்புக் கூடியது என்பது சரி. சொந்தத்துக்குள் முடித்ததால் அந்தப் பரம்பரையலகு குடும்பத்துக்குள் வந்தது என்பது பிழை. அந்நியத்தில் முடித்தவர்களின் பிள்ளைகளும் அதே வோட்டில், பக்கத்துக் கட்டில்களில் இருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் ஹோல்டேனுடையதே. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. தராசின் ஒரு தட்டு காலியாகிவிட்டது. இனி அந்தப் பரம்பரையலகு தானாகக் குறைந்துபோகுமா? போகும், ஆனால் மறைந்திருக்கும் பிரதிகளைத் தேர்வு தொடுவதில்லை. நூற்றுக்கு ஒன்றாக இருப்பது இருநூற்றுக்கு ஒன்றாகக் குறைய நூறு தலைமுறை வேண்டும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 2,500 ஆண்டுகள்! இதே தருக்கத்தை அவர் அரசியலிலும் பயன்படுத்தினார். பரம்பரை நோயுள்ளவர்கள் பிள்ளை பெறாமல் பலவந்தமாகத் தடுத்துவிட்டால் சமூகம் சுத்தமாகிவிடும் என்று 1930களில் ஐரோப்பாவில் பலர் பேசினார்கள். ஜேர்மனி 1933இல் சட்டமே போட்டது. அது அநீதி மட்டுமல்ல, சொன்ன பலனையும் தராது என்று எண்களைக் கொண்டு எதிர்த்து 1938இல் ஒரு புத்தகம் எழுதினார்.

அவரை முழுவதும் புகழ்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் மதநம்பிக்கை இல்லாதவர், கம்யூனிஸ்ட். அந்த வழி நம் வழியல்ல. ஆனால் என்னை உறுத்துவது அதுவல்ல. சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் அரசின் பலத்தோடு மெண்டலின் பிறப்புரிமையியலையே பொய் என்று தள்ளினார். ஹோல்டேனை 1928இல் அந்நாட்டுக்கு அழைத்து விருந்தோம்பிய வவிலோவ் என்ற மாபெரும் தாவரவியலாளர் 1943இல் சிறையில் மாண்டார். இதையெல்லாம் கண்டித்துப் பேச எல்லோரையும்விடத் தகுதியுள்ளவர் ஹோல்டேன்தான். அவரோ கட்சிக்காக இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்பது போல் மழுப்பினார். 1950 அளவில் கட்சியிலிருந்து விலகினாலும், பேச வேண்டிய நேரத்தில் அவர் பேசவில்லை. விஷவாயுவுக்குள் துணிந்து இறங்கியவருக்குத் தன் கூட்டாளிகளைப் பகைக்கத் துணிவில்லை.

அதே கட்சிப் பத்திரிகையில் தொழிலாளருக்காக விஞ்ஞானத்தை எளிமையாக விளக்கி முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிறுவர்களுக்காக ஒரு மந்திரவாதியின் கதையும் எழுதினார்.

1957இல் தன் 64ஆவது வயதில், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு, மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியாவுக்கு வந்தார். சுயெஸ் கால்வாய்க்காக பிரித்தானியா எகிப்தின்மேல் படையெடுத்ததைக் கண்டித்தே வெளியேறுவதாகச் சொன்னார். கல்கத்தாவில் மஹலநோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளிவிவரவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். குர்தா அணிந்தார், மாமிசத்தை விட்டார், இந்தியக் குடியுரிமை பெற்றார். விலையுயர்ந்த கருவி இல்லையென்று அழாதீர்கள், கண்ணும் பொறுமையும் எண்ணத் தெரிந்த மூளையும் போதும் என்பதே மாணவர்களுக்கு அவர் கொடுத்த பாடம். ஒரு மாணவர் ஆட்காட்டிக் குருவியின் கூட்டருகே காத்திருந்து, அது அடைகாப்பதைக் குறித்துக்கொண்டிருந்தார். வேறு மாணவர்கள் ஆந்திராவில் உறவுக்குள் நடந்த திருமணங்களைக் கணக்கெடுத்தார்கள். அங்கே தாய்மாமனே அக்காள் மகளை முடிக்கும் வழக்கமும் உண்டு. நமக்கு அது ஹராம். ஹோல்டேன் யாரையும் ஏளனம் செய்ய இதைத் தொடங்கவில்லை. மறைந்திருக்கும் பரம்பரையலகுகள் வெளிப்படுவதை அறிய ஐரோப்பாவில் கிடைக்காத வாய்ப்பு இங்கே இருக்கிறது என்பதே அவர் கண்டது.

கோபக்காரர் வேறு. கல்கத்தாவில் மஹலநோபிஸுடன் ஒத்துப்போகாமல் 1961இல் விலகினார். அடுத்த ஆண்டு ஒரிசா அரசு புவனேஸ்வரில் அவருக்கு ஓர் ஆய்வுகூடம் அமைத்துக் கொடுத்தது. அங்கே இரண்டே ஆண்டுகள். குடலின் கடைசிப் பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்து இலண்டனில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே தன் புற்றுநோயைக் கேலிசெய்து ஒரு கவிதை எழுதி, அடையாளம் கண்டால் வெட்கப்படாமல் காலத்தோடு வைத்தியரிடம் போங்கள் என்ற செய்தியை அதற்குள் வைத்து அச்சிலும் கொடுத்துவிட்டார். சிலர் முகம் சுழித்தார்கள். 1964 டிசெம்பர் 1ஆம் திகதி புவனேஸ்வரில் இறந்தார். அவருடைய விருப்பப்படியே உடலை ஆந்திராவின் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் படிப்பதற்காக அனுப்பினார்கள்.

பள்ளிக்கூட விடுமுறையில் என் கொப்பியோடு உம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, குடித்தொகை, மீடிறன் என்ற சொற்களை விட்டுவிட்டு, மலேரியாக் கதையாகவே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் காய்ச்சலில் எங்கள் வீட்டில் தப்பியவர்கள் இதனால்தான் தப்பினார்களா என்று கேட்டார். சிலர் அப்படியும் தப்பியிருக்கலாம் என்றேன். அல்லாஹ் அறிந்தவன் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வாப்பாவைக் கூப்பிட்டு, ராத்தாவின் பேச்சை ஏன் நிறுத்தினீர்கள், இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் என்ன என்று கேட்டார்.

முதலில் மாமிக்குக் கோபம். தன் மகனைச் சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தியது சாச்சிதான். நோன்பு ஆறு பிடித்துக்கொண்டிருந்த கிழமையில் போய், மகனின் பம்ப்பைக் காட்டி, எனக்கு அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் சோதித்திருப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். மறுவாரம் மச்சானும் ராத்தாவும் தனித்தனியே போய் இரத்தம் கொடுத்தார்கள்.

றிப்போட் வந்த அன்று அதை வாசித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். ராத்தா காவி. மச்சான் இல்லை. ஒருவர் மட்டும் காவியாக இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் நோய் வராது, பாதிப் பிள்ளைகள் ராத்தாவைப் போலவே காவிகளாக இருக்கலாம் என்று கொப்பியில் கட்டம் போட்டுக் காட்டினேன். மாமி அந்தக் கட்டத்தை இரண்டு தடவை பார்த்தார். ஹஜ் மாதம் கழிந்ததும் நிக்காஹ் வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்தார். எனக்கு இன்னும் சோதிக்கவில்லை. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் சாச்சியோடு கிளினிக்குக்குப் போக இருக்கிறேன்.